என் கல்லில் யார் கைவைத்தது?

உடைத்த கல்லுக்குள்ளிருந்து விழுந்த பொடி கறுத்திருந்தது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு டார்ச்சை அடித்தேன். கடைகளில் கள்ளநோட்டு பார்க்க வைத்திருப்பார்களே, அந்த ஊதா டார்ச். அதன் வெளிச்சத்தில் பொடி, ஊதிவிட்ட தணல் மாதிரி ஆரஞ்சுச் சிவப்பாக ஒளிர வேண்டும். எனக்குக் கிடைத்ததோ பாசி பிடித்த தொட்டித் தண்ணீர் போல ஒரு மங்கிய பச்சை. அதுவும் ஓரத்தில் மட்டும்.

“என்னடா தம்பி, இன்னைக்கும் பச்சைக்கொடியா?”

பின்னால் அண்ணன் நின்றிருந்தார். எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. அதுதான் என்னை முதலில் உறுத்தியது. பொடி கெட்டுப்போனது அதற்கப்புறம்தான் உறுத்தியது.

அண்ணன் என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. பெரம்பலூர் ரோட்டில் உள்ள எங்கள் கல்லூரி லேபில் எனக்கு முன்னால் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர். ஏலாக்குறிச்சிக்காரர். அப்பா, அம்மா, சித்தப்பா எல்லோரும் வாத்தியார்கள். எந்த ஆபீசில் எப்படிப் பேச வேண்டும், எந்தப் பேராசிரியருக்கு எப்படி மெயில் எழுத வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தாய்ப்பாலோடு வந்தது. நான் செந்துறைப் பக்கம். அப்பா சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான்தான். அப்படி வந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எல்லோருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று நமக்கு மட்டும் சொல்லப்படவில்லை என்று எப்போதும் ஒரு எண்ணம். நான்கு பேர் சிரித்தால் அது நம்மைப் பார்த்துத்தான் என்று தோன்றும். பல நேரம் அது உண்மையாகவும் இருந்திருக்கிறது. அதனால் அந்த எண்ணத்தை விடவும் முடியவில்லை.

நாங்கள் செய்து பார்த்துக்கொண்டிருந்தது ஒரு பொடி. வெள்ளை எல்.இ.டி. பல்புக்குள் இருப்பது உண்மையில் நீல விளக்கு. அதன்மேல் பூசிய பொடி நீலத்தை வாங்கிக்கொண்டு வேறு நிறத்தைத் தருகிறது. எல்லாம் சேர்ந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. பொடியில் சிவப்பு குறைந்தால், சோறுகூடச் செத்த சோறு மாதிரி தெரியும். அந்தச் சிவப்பைத் தருவது ஒரு நைட்ரைடு. ஸ்ட்ரான்ஷியம், சிலிக்கான், நைட்ரஜன் மூன்றும் சேர்ந்த சேர்மம். அதில் துளி யூரோப்பியம். ஒளிர்வது அந்தத் துளிதான். சிக்கல் என்னவென்றால், இதைச் சமைக்கும் சூட்டில் நைட்ரஜன் தங்காது. மூடி திறந்த சோடா மாதிரி வெளியே ஓடப் பார்க்கும். அதனால் எல்லாப் பக்கமும் அழுத்திப் பிடித்துக்கொண்டே சமைக்க வேண்டும்.

அழுத்துவதற்கு எங்களிடம் ஒரு பிரஸ் இருந்தது. வைர ரம்பம் செய்த கம்பெனி ஒன்று மூடியபோது கல்லூரி வாங்கிப் போட்டது. ஆறு பக்கமிருந்தும் ஆறு இரும்புத் தலைகள் வந்து நடுவில் ஒரு கல் கட்டியை அழுத்தும். அந்தக் கட்டிக்குள் துளை. துளைக்குள் சூடாக்க ஒரு கரிக்குழாய், அதற்குள் சின்னக் குப்பி, குப்பிக்குள் பொடி. அழுத்தும்போது கல் கொஞ்சம் பிதுங்கி இண்டு இடுக்கை எல்லாம் தானே அடைத்துக்கொள்ளும். இதற்கென்று வெளிநாட்டிலிருந்து வரும் கல் தீர்ந்துபோனதும், எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர், நாங்கள் மேடம் என்றே கூப்பிடுவோம், மாக்கல்லை வைத்துப் பார்க்கலாம் என்றார். சேலம் பக்கத்தில் சட்டி கடைகிறார்களே, அதே மாக்கல். பெரம்பலூரில் ஒரு பட்டறையில் கட்டிகளாக அறுத்து வாங்கினோம். லேப் உலையில் மிதமாகச் சுட்டு ஈரத்தை விரட்டினோம். அதன்பிறகு அரத்தால் தேய்த்துத் துளையைச் சரிசெய்யும் வேலை இருக்கிறது. கல்தூசி லேபுக்குள் ஆகாது என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், என் பங்குக் கற்களைச் சனி ஞாயிறு ஊருக்கு எடுத்துப் போய்த் தேய்ப்பேன். முடியாத கற்களை அங்கேயே விட்டுவிட்டு, மறுவாரம் எடுத்து வருவேன். அண்ணன் தன் கற்களை ஹாஸ்டல் மொட்டைமாடியில் தேய்ப்பார்.

ஆரம்பத்தில் என் கற்கள் சூட்டில் வெடித்தன. வீட்டுக்குப் போன் போட்டு அம்மாவிடம் புலம்பும் அளவுக்கு வெடித்தன. பிறகு வெடிப்பது நின்றது. அப்பாடா என்றபோது பச்சை வர ஆரம்பித்தது. அதே பிரஸ், ஒரே ஜாடியிலிருந்து எடுத்த பொடி. அண்ணனுக்குச் சிவப்பு, எனக்குப் பச்சை.

இது சாதாரண விஷயமாக இருந்திருக்கும், மேடம் அந்த நிபந்தனையை வைக்காமல் இருந்திருந்தால்.

“ரிவ்யூ கமிட்டி வரப்போகுது. பிரஸ் ரொம்பத் தேஞ்சிடுச்சு, ரெண்டு பேருக்குத் தாங்காது,” என்றார். “யாரோட சாம்பிள் சுத்தமா வருதோ அவங்க பிரஸ்ல தொடரட்டும். இன்னொருத்தர் வேற டாபிக் பாத்துக்கலாம்.”

வேறு டாபிக் என்று அவர் சொன்னது எளிதாக இருந்தது. எனக்கு அது முதலிலிருந்து தொடங்குவது. “இன்னும் எத்தன நாளுக்குடா படிப்ப?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விடுகிற அப்பாவிடம், செய்ததையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறேன் என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். அப்படி நேர்ந்தால் டிப்பரில் ஏறிவிடுவேன். அதுவும் தெரியும்.

அதனால் அண்ணனைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

கவனித்தால் எல்லாமே தப்பாகத்தான் தெரிந்தது. அவர் தன் கல் பெட்டிக்குப் புதிதாகப் பூட்டுப் போட்டிருந்தார். கல்லுக்கு எதற்குப் பூட்டு? நான் உள்ளே நுழைந்தால் போனில் பேசுவதை நிறுத்தினார். என் மேசைப் பக்கம் வந்தால், எதையாவது தேடுவது போல வந்தார். என் பெட்டி மூடியின் குறுக்கே ஒரு வெள்ளை நூலை ஒட்டிவைத்தேன். யாராவது திறந்தால் அறுந்துவிடும். அவர் எப்போது திறக்கிறார் என்று பார்க்க, பூட்டு வருவதற்கு முன்பே அவர் பெட்டியின் மேலும் ஒரு நூலைப் போட்டுவைத்திருந்தேன். என் நூல் அறுபடவே இல்லை. அதனால் நிம்மதி வந்ததா? இல்லை. நூலைப் பார்த்துவிட்டார், எடுத்துவிட்டு அப்படியே திரும்ப ஒட்டியிருக்கிறார் என்று தோன்றியது. இவ்வளவு பொறுமையாகச் செய்கிறவர் சாமானியப்பட்ட ஆள் இல்லை என்று பயம்தான் கூடியது.

ஒரு மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். திரையை இழுத்துவிட்டு, இன்னும் பிரஸ்ஸில் ஏற்றாத என் கற்களின் மேல் டார்ச்சை அடித்தேன். ஏன் அடித்தேன் என்று கேட்டால் காரணம் இல்லை. அந்த நாட்களில் எதைக் கண்டாலும் அடித்துப் பார்ப்பேன்.

கல் ஒளிர்ந்தது. எலுமிச்சை மஞ்சளாக, துளையின் உள்பக்கம்வரை.

வெறும் மாக்கல் இப்படி ஒளிராது. எங்களிடம் மிஞ்சிக் கிடந்த அறுக்காத துண்டில் அடித்துப் பார்த்தேன், செத்துக் கிடந்தது. என் கற்கள் கொஞ்ச நாளாகச் சற்றுக் கறுத்திருந்ததும் அப்போதுதான் மனதில் தைத்தது. நான் அதை வேறு பாறையிலிருந்து வந்த கல் என்று நினைத்திருந்தேன். லேப் அலமாரியில், ஒப்பிட்டுப் பார்க்க விலைக்கு வாங்கிய ஒளிரும் பொடிகள் உண்டு. பச்சை, மஞ்சள், சிவப்பு. அதில் எதையோ என் கல்லில் தடவியிருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லாக எடுத்து மறுபடி மறுபடி அடித்துப் பார்த்தேன். கோபத்தில் என்று அப்போது நினைத்தேன். நினைத்தது சரியாகப் போய்விட்டதே என்கிற சந்தோஷமும் அதில் கலந்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

மேடத்திடம் போனேன்.

“மேடம், எனக்குப் பூட்டுற மாதிரி ஒரு அலமாரி வேணுங்க.”

“எதுக்குப்பா?”

“கல்லு வெக்கங்க.”

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “அவனும் பூட்டுறான், நீயும் பூட்டணும்ங்கற. இது லேபா, நகைக்கடையா? யார் மேல சந்தேகம்?”

என் கண் அண்ணனின் ஸ்டூல் பக்கம் போய்விட்டது. மேடம் அதைப் பார்த்துவிட்டார்.

“சரி. இனிமே தனித்தனியா யாரும் கல்லுக்குள்ள பொடி வெச்சுக் கட்ட வேண்டாம். அடுத்த ரன் ரெண்டு பேரும் சேர்ந்து கட்டுங்க. ஒருத்தர் செய்றத இன்னொருத்தர் பாக்கணும். போ.”

கற்களை லேபில் விட்டுப்போக மனம் வரவில்லை. பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அரியலூரில் மாறி, செந்துறை பஸ்ஸில் மடியில் பையோடு உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர், பஸ் குலுங்கியபோது பையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டார்.

“என்ன தம்பி, கல்லா?”

“ஆமாங்க.”

“சாமிக் கல்லா?”

“இல்லீங்க, காலேஜ் கல்லு.”

“காலேஜ்ல என்னத்துக்குக் கல்லு?” கேட்டுவிட்டு, முன்சீட்டுக்காரரைத் தொட்டு ஏதோ சொன்னார். அவரும் திரும்பிப் பார்த்தார். சிலை காணாமல்போன கோயில்கள் எங்கள் பக்கத்தில் பல உண்டு. நான் பையைத் திறந்து ஒரு கட்டியைக் காட்டினேன். நடுவில் துளையிட்ட சதுரக் கட்டி அவர் சந்தேகத்தைக் குறைக்கவில்லை. “இதுல என்னத்தடா சொருவி வெச்சிருந்தாங்க?” என்றார். இறங்கும்வரை இருவரும் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவை உள்ளறைக்குக் கூப்பிட்டேன். யாரிடமாவது காட்டியே ஆக வேண்டும் போல இருந்தது. கதவைச் சாத்தி, ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டேன்.

“என்னடா, பேய் ஓட்டப்போறியா?”

“கொஞ்சம் சும்மா இரும்மா. ஒண்ணு காட்றேன்.” டார்ச்சை அடித்தேன். கல் ஒளிர்ந்தது. “பாத்தியா? எவனோ இதுல மருந்து தடவியிருக்கான். அதான் எனக்கு வரமாட்டேங்குது.”

“எவன்?”

“கூட ஆராய்ச்சி பண்றவரு ஒருத்தரு.”

அம்மா நன்றாகப் பார்க்கக் குனிந்தாள். குனிந்தபோது அவள் கழுத்தில் தாலிக்கயிறு எரிந்தது. அதே எலுமிச்சை மஞ்சள். கன்னத்தில் குளிக்கும்போது பூசியதன் மிச்சம் திட்டுத்திட்டாக ஒளிர்ந்தது. நான் டார்ச்சைக் கல்லுக்கும் கயிற்றுக்கும் மாற்றி மாற்றி அடித்தேன்.

“அம்மா, இந்தக் கல்ல நீ தொட்டியா?”

“தொடாம? நாந்தானே பழக்கி வெச்சேன்.”

“பழக்கியா?”

“புது மாக்கல்லு. பழக்காம நெருப்புல வெச்சா வெடிக்காம என்ன செய்யும்? நீதானே போன்ல அழுவாத கொறையா சொன்ன, கல்லு வெடிச்சிருச்சு வெடிச்சிருச்சுன்னு. மஞ்சத்தூள வெளக்கெண்ணெயில கொழச்சுத் தடவி வெயில்ல வெச்சேன். அப்பறம் வடிகஞ்சில ஊறப்போட்டு எடுத்தேன். கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வூட்ல கல்சட்டிதான். எல்லாத்தையும் நாந்தான் பழக்குவேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேம்மா.”

“ஒன் சட்டையத் தொவைக்கறப்பல்லாம் சொல்லிட்டா தொவைக்கிறேன்? செரி, நான் பழக்குன பொறவு வெடிச்சுச்சா?”

“இல்ல.”

“அப்பறம் என்னவாம்?”

எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அந்த எண்ணெயும் கஞ்சியும் கல்லுக்குள் ஏறி, பிரஸ்ஸின் சூட்டில் கரியாகவும் ஆவியாகவும் கிளம்பி, குப்பிக்குள் நுழைந்து என் நைட்ரைடைக் கெடுத்திருக்கிறது. ஈரத்தை விரட்டத்தான் அத்தனை பாடுபட்டுச் சுட்டோம். அதற்குமேல்தான் இந்தக் கஞ்சி. “கல்லு வெடிக்கலம்மா. உள்ள வெச்சதுதான் கெட்டுப்போச்சு.”

“ஓ. சட்டி நல்லாருக்கு, கொழம்பு கெட்டுப்போச்சுங்கற.” கொஞ்சம் யோசித்தாள். “அந்தப் புள்ளையோட சண்டை கிண்டை போட்டுட்டியா?”

“இன்னும் இல்ல.”

“வெளங்குச்சு போ,” என்று கதவைத் திறந்தாள்.

வீட்டில் விட்டிருந்தவற்றில் அம்மா இன்னும் பழக்காத கற்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு திரும்பினேன். இப்போது வேறொரு பயம். பழக்காத கல் வெடித்தால்? ரிவ்யூவுக்கு முன் இருந்தது அந்த ஒரு ரன்தான்.

பொடியைக் காற்றுப் படாமல் கலக்க, கண்ணாடிப் பெட்டி ஒன்று உண்டு. உள்ளே நைட்ரஜன். வெளியிலிருந்து இரண்டு ரப்பர் கையுறைகள் வழியாகத்தான் கையை விட முடியும். ஒரு ஆளின் இரண்டு கைகளுக்கான பெட்டி அது. ஆனால் மேடம் சொன்னது இருவரும் சேர்ந்து.

“நீ கலக்கு. நான் பாக்குறேன்,” என்றார் அண்ணன்.

“இல்லண்ணே, நீங்க கலக்குங்க, நான் பாக்குறேன்.”

“ஏன், நான் கலக்குனா ஒழுங்கா கலக்க மாட்டேனா?”

“நான் கலக்குனா?”

கடைசியில் இடது கையுறைக்குள் என் கை, வலது கையுறைக்குள் அவர் கை. தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றோம். உள்ளே இருந்த சின்ன உரலை நான் பிடித்தேன், அவர் குழவியைச் சுற்றினார். இருவரும் ஓட முடியாத நிலையில் இருந்ததால், அந்த நேரம்தான் சரி என்று மஞ்சள் கதையைச் சொன்னேன். வடிகஞ்சிக்கு வந்தபோது அவர் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார்.

“சிரிக்காதீங்கண்ணே, பொடி கொட்டுது.”

“இரு, இரு. அப்ப இத்தன நாளா நான் பண்ணேன்னுதான் நெனச்சியா?”

அவர் குழவியை நிறுத்தினார்.

“ஆமாண்ணே.”

“நான் எதுக்குடா பெட்டியப் பூட்டுனேன்? ஒனக்குப் பயந்துதான். எப்பப் பாரு என் பெட்டிகிட்ட வந்து மோந்து பாக்குற மாதிரி நின்ன. ஒருநாள் மேல ஒரு வெள்ள நூலு கெடக்குது. என்னமோ மந்திரிச்சு வெச்சுட்டான்னு நெனச்சேன். எங்க வூட்ல அதெல்லாம் நம்ப மாட்டோம். இருந்தாலும் மறுநாளே பூட்டு வாங்குனேன்.”

“போன்ல பேசிட்டிருப்பீங்க, நான் வந்தா நிறுத்திருவீங்களே?”

“அது வேற வெவகாரம்,” என்றார். காது சிவந்தது. “அதுக்கும் ஒங்கம்மாவுக்கும் சம்பந்தமில்ல. பிடி உரல.”

பிரஸ்ஸில் அழுத்தத்தை மெதுவாக ஏற்றினோம். வழக்கத்தைவிட மெதுவாக. பம்பு முனகும்போதெல்லாம் இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். கல் வெடித்தால் அறைக்கதவு அறைவது போல ஒரு சத்தம் கேட்கும். கேட்கவில்லை. ஆறவிட்டு, கட்டியை மேசைமேல் வைத்து, மேடம் முன்னால் சுத்தியலால் தட்டினேன். உள்ளே பொடி செங்கல் நிறத்தில் இருந்தது. அண்ணன் திரையை இழுத்தார். டார்ச்.

மூன்று பேரின் முகமும் சிவப்பாகத் தெரிந்ததாக எனக்கு ஞாபகம். உண்மையில் அவ்வளவு வெளிச்சம் அந்தத் துளிப் பொடிக்கு இருந்திருக்காது.

மேடம் நேராக அலமாரிக்குப் போய், விலைக்கு வாங்கிய சிவப்புப் பொடியின் சீசாவை எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். அதிலிருந்து எடுத்துக் கொட்டிவிட்டோமா என்று பார்க்கிறார். இத்தனை நாள் பச்சை வந்தபோது யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. சிவப்பு வந்ததும் சந்தேகம் வந்துவிட்டது.

“இது சீலே ஒடைக்கல,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே வைத்தார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அது அவர் வேலைதானே.

ரிவ்யூ அன்று வெளியூரிலிருந்து வந்த கமிட்டிக்காரர் ஒருவரும் அதையேதான் கேட்டார். சட்டைப் பையில் பல பேனாக்கள் வைத்திருந்தார். பொடியை டார்ச்சில் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு. ஆனா இது கடையில வாங்குனதில்லன்னு நான் எப்படி நம்பறது? எக்ஸ்ரே எடுத்தாலும் ரெண்டும் ஒரே மாதிரிதானே காட்டும்?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னார். “சார், ஒரு கை என்னுது, ஒரு கை இவனுது.”

அவருக்குப் புரியவில்லை. மேடம் விளக்கினார். “சார், இவங்க ரெண்டு பேருல ஒருத்தர்தான் பிரஸ்ல தொடரணும்னு சொல்லியிருந்தேன். ஒருத்தன் தப்புப் பண்ணா இன்னொருத்தன் அன்னைக்கே வந்து எங்கிட்ட சொல்லியிருப்பான். அப்படிக் கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாத்துச் செஞ்சது இது. இதவிட நம்பகமான சாம்பிள் என் லேப்ல இதுவரைக்கும் வந்ததில்ல.”

கமிட்டிக்காரர் சிரித்தார். பிறகு எங்களை வெளியே அனுப்பிவிட்டுப் பேசினார்கள். அண்ணனும் நானும் கதவைப் பார்த்தபடி வராந்தாவில் நின்றிருந்தோம். கதவு திறந்து மேடம் எட்டிப் பார்த்தார்.

“ரெண்டு பேரும் பிரஸ்லயே இருங்க. ஆனா ஒத்தையா யாரும் தொடக் கூடாது. தேஞ்சா தேயட்டும், ஒரே சாம்பிள ரெண்டு பேரும் சேர்ந்து செய்ங்க. பேப்பர்லயும் ரெண்டு பேரும்.”

எனக்கு மூச்சு வந்தது. உடனே அப்பாவுக்குச் சொல்லலாமா, சொன்னால் என்னவென்று சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் கமிட்டிக்காரர் வெளியே வந்தார். எங்கள் பொடி இருந்த சின்னக் குப்பி அவர் கையில். “இதுல கொஞ்சம் எடுத்துட்டுப் போறேன். எங்க இன்ஸ்ட்ருமெண்ட்ல அளந்து பாத்துட்டு மெயில் போடுறேன்,” என்று பேனாக்களோடு சேர்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கொஞ்சம் என்றவர் முழுக் குப்பியையும் போட்டுக்கொண்டார்.

மேடம் அவரை வழியனுப்பக் கார்வரை போனார். நாங்கள் வாசற்படியில் நின்றோம்.

“டேய்,” என்றார் அண்ணன் உதடு அசையாமல். “அந்தாளு பையத் தொட்டுத் தொட்டுப் பாக்குறாரு, கவனிச்சியா?”

“கவனிச்சேண்ணே.”

“அளக்கறதுக்கு எதுக்கு முழுசும்?”

“அதான் எனக்கும் புரியல.”

கார் கேட்டைத் தாண்டி, சுண்ணாம்பு லாரிகளுக்குப் பின்னால் மறையும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

“வா,” என்றார் அண்ணன். “அவரு மெயில் போடுறதுக்குள்ள இன்னொண்ணு செஞ்சு வெச்சிருவோம்.”